பணம் தந்தது கம்பெனி, வழக்கு என் பெயரிலா?

கேள்வி: கரூரில் படுக்கை விரிப்பு, தலையணை உறை தயாரித்து வெளிமாநிலங்களுக்கு அனுப்பும் சிறு தொழில் எனக்கு. சென்ற மழைக்காலத்தில் நாக்பூருக்குப் போன சரக்கு, லாரியின் தார்ப்பாய் கிழிந்திருந்ததால் நனைந்து பாழாகிவிட்டது. நஷ்டம் 8 லட்சம் ரூபாய். சர்வேயர் வந்து பார்த்தார். இன்சூரன்ஸ் கம்பெனி 6 லட்சம் கொடுத்தது. பணம் தருவதற்கு முன் ‘லெட்டர் ஆஃப் சப்ரோகேஷன்’ என்ற ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இப்போது அந்த லாரி சர்வீஸ் மேல் என் பெயரில் வழக்குப் போடப்போவதாக அவர்களுடைய வக்கீலிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. லாரி சர்வீஸ்காரர் எனக்குப் பல வருடப் பழக்கம். வருடா வருடம் பிரீமியம் வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு தடவை கொடுத்த பணத்தையும் இன்னொருவரிடம் வசூலிப்பது என்ன நியாயம்? அதுவும் என் பெயரில் ஏன்? – ஒரு வாசகர், கரூர்.

பதில்: உங்கள் ஆதங்கத்துக்கு வயது இருநூறுக்கு மேல். 1780 ஜூனில் லண்டனில் பெரும் கலவரம் மூண்டது; கார்டன் கலவரம் என்பார்கள். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி, கலவரக்காரர்கள் ஒரு வீட்டை இடித்துவிட்டால் அந்த வட்டாரத்தார் எல்லாரும் சேர்ந்து இழப்பீடு தர வேண்டும். அப்படி வீடு சேதமான ஒருவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுத்தது. பிறகு அவர் பெயரிலேயே வட்டாரத்தின் மேல் வழக்குப் போட்டது. வட்டாரத்தின் வாதம் ஏறக்குறைய உங்களுடையதுதான். வீட்டுக்காரருக்குத்தான் பணம் வந்துவிட்டதே, இனி எங்களிடம் கேட்க என்ன இருக்கிறது என்றார்கள். 1782இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு அதை ஏற்கவில்லை. முதல் பொறுப்பு வட்டாரத்துடையது. காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்தது அவர்கள் சுமையை இறக்கிவைப்பதற்காக அல்ல என்பது அவர் முடிவு.

‘முதல் பொறுப்பு யாருடையது’ என்ற அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். பிரீமியம் கட்டியதும் நஷ்டத்தின் பொறுப்பு முழுவதும் கம்பெனியிடம் போய்விட்டது, எனவே நஷ்டம் செய்தவருக்கும் கம்பெனிக்கும் இனி ஒரு பேச்சுவார்த்தையும் இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிரீமியம் கொடுத்து நீங்கள் வாங்கியது, கம்பெனி உங்களுக்குத் தந்த ஒரு வாக்குறுதி. அந்த ஒப்பந்தத்தில் லாரி சர்வீஸ்காரர் இல்லை. அவர் ஒரு பைசாவும் பிரீமியம் கட்டவில்லை. அவருடைய கடமை வேறோர் ஒப்பந்தத்தில், அதாவது நீங்கள் சரக்கை ஒப்படைத்து எல்.ஆர். என்ற லாரி ரசீதை வாங்கினீர்களே, அதில் இருக்கிறது. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கென்று 2007இல் வந்த மத்தியச் சட்டமும் அவர் மேல் பொறுப்பைச் சுமத்துகிறது. ஊரார் சரக்கையெல்லாம் கூலிக்கு ஏற்றிச் செல்பவரிடம் சரக்கு கெட்டால், அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. இயற்கைச் சீற்றம், போர், கலவரம், அரசின் தடை உத்தரவு போன்ற சில காரணங்களைக் காட்டி அவர்தான் தப்பிக்கப் பார்க்க வேண்டும். மழை இயற்கைதான், ஆனால் கிழிந்த தார்ப்பாயை இயற்கையின் கணக்கில் எழுதுவது கடினம்.

ஆக, ஒரே நஷ்டத்துக்காக இரண்டு இடங்களில் பணம் கேட்க உங்களுக்கு உரிமை இருந்தது. கம்பெனி கொடுத்த பிறகு இந்த இரண்டாவது உரிமை என்ன ஆக வேண்டும்? அது அழிந்துவிட்டது என்றால், தார்ப்பாயைக் கவனிக்காதவர் உங்கள் பிரீமியத்தின் புண்ணியத்தில் தப்பிவிடுவார். அது உங்களிடமே முழுசாக இருக்கிறது என்றால், இங்கே 6 லட்சம், அங்கே 8 லட்சம் என்று 14 லட்சம் வாங்கலாம். 8 லட்சம் நஷ்டத்தில் 6 லட்சம் லாபம். நனைவதற்கென்றே சரக்கு அனுப்பும் தொழில் ஒன்று ஆரம்பித்துவிடலாம். இரண்டுமே கூடாது என்பதால் சட்டம் மூன்றாவது வழியைப் பிடித்தது. பணம் கொடுத்த கம்பெனி உங்கள் இடத்தில் நின்று, உங்கள் உரிமையை நடத்தி, தான் கொடுத்ததை மீட்டுக்கொள்ளலாம். சப்ரோகேஷன் என்பது அவ்வளவுதான்.

இதற்கு அடியில் இருப்பது இழப்பீட்டுக் கொள்கை. அதாவது காப்பீடு நஷ்டத்தை ஈடுகட்டலாமே தவிர, நஷ்டப்பட்டவரை முன்பிருந்ததைவிட வசதியானவர் ஆக்கக் கூடாது. 1883இல் இங்கிலாந்தில் வந்த காஸ்டெல்லைன் எதிர் பிரெஸ்டன் வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னார்கள். பிரெஸ்டன் தரப்பு லிவர்பூலில் இருந்த தங்கள் கட்டடத்தை 3,100 பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டிருந்தது. கிரயம் முடிவதற்குள் தீப்பிடித்தது. காப்பீட்டு நிறுவனம் 330 பவுண்டு கொடுத்தது. பிறகு வாங்கியவரும், ஒப்பந்தப்படி, விலையில் எதையும் குறைக்காமல் முழுத் தொகையைக் கொடுத்துவிட்டார். விற்றவருக்கு நஷ்டமே இல்லை, கையில் 330 பவுண்டு மிச்சம். அதைத் திருப்பிக் கொடு என்றது நிறுவனம். முதல் நீதிமன்றத்தில் தோற்று, மேல்முறையீட்டில் ஜெயித்தது. இத்தனைக்கும் அங்கே தப்பு செய்தவர் என்று யாரும் இல்லை. நஷ்டத்தைக் குறைக்கும் எந்தப் பணமும் கணக்கில் சேரும் என்பதுதான் அந்த வழக்கின் பாடம்.

இதனால்தான் ஆயுள் காப்பீட்டில் சப்ரோகேஷன் கிடையாது. ஓர் உயிருக்கு இவ்வளவுதான் நஷ்டம் என்று அளக்க முடியாது; அங்கே பாலிசியில் எழுதிய தொகை எதுவோ அதுவே பாக்கி. விபத்தில் ஒருவர் இறந்தால் குடும்பம் ஆயுள் காப்பீட்டுத் தொகையையும் வாங்கலாம், மோதியவரிடம் இழப்பீடும் கேட்கலாம்; ஆயுள் காப்பீட்டு நிறுவனம் நடுவில் வர முடியாது.

இனி, ஏன் உங்கள் பெயரில்?

கம்பெனிக்கும் லாரி சர்வீஸுக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. அவர் கம்பெனிக்கு எதையும் நனைக்கவில்லை. வழக்குப் போடும் உரிமை உங்களுக்கு மட்டுமே உண்டு. கம்பெனி 6 லட்சம் கொடுத்த பிறகும் அது உங்களிடமேதான் இருக்கிறது. வெறும் வழக்குத் தொடுக்கும் உரிமையை மட்டும் தனியே பிரித்து இன்னொருவருக்கு மாற்ற முடியாது என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. சப்ரோகேஷனில் மாற்றம் எதுவும் நடப்பதில்லை. உரிமை உங்களுடையது, அதன் பலனில் கம்பெனிக்குப் பங்கு. அதனால் மனுவில் உங்கள் பெயர் இருந்தாக வேண்டும்.

இந்த விஷயத்தில் நம் நாட்டில் கடைசி வார்த்தை சொன்ன வழக்கு உங்கள் அக்கம்பக்கத்திலிருந்தே போனது. சரண் ஸ்பின்னிங் மில்ஸ் 1995இல் கொல்கத்தாவுக்கு அனுப்பிய பனியன் நூல், லாரி விபத்தில் முழுவதும் சேதமானது. சரக்கின் மதிப்பு 7 லட்சத்து 70 ஆயிரத்துச் சொச்சம். சர்வே முடிந்து நேஷனல் இன்சூரன்ஸ் கொடுத்தது 4 லட்சத்து 47 ஆயிரத்துச் சொச்சம். மில் நிர்வாகமும் உங்களைப் போலவே கடிதம் எழுதிக் கொடுத்தது. மில்லும் இன்சூரன்ஸும் சேர்ந்து திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்தன. ‘எங்களோடு ஒப்பந்தமே இல்லாத இன்சூரன்ஸ் கம்பெனி எப்படி நுகர்வோர் ஆகும்?’ என்று சரக்கை ஏற்றிச் சென்ற எக்கனாமிக் டிரான்ஸ்போர்ட் ஆர்கனைசேஷன் உச்ச நீதிமன்றம் வரை போனது. முந்தைய தீர்ப்பு ஒன்று போக்குவரத்து நிறுவனங்களுக்குச் சாதகமாக இருந்ததால் விஷயம் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போய், 2010 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதியது. சட்டம் படிக்காதவர்களும் பொறுமையாகப் படித்தால் புரியும்படி எழுதப்பட்ட தீர்ப்பு. அப்படிச் சொல்லக்கூடியவை அதிகம் இல்லை.

அந்தத் தீர்ப்பு சப்ரோகேஷனை மூன்று வகையாகப் பிரித்தது. உங்களுக்கு மிகவும் தேவைப்படும் பகுதி இதுதான். முதல் வகையில் எந்தக் கடிதமும் இல்லை. கம்பெனி பணம் கொடுத்த அந்த நிமிடமே நியாயத்தின் அடிப்படையில் அதற்கு இந்த உரிமை வந்துவிடுகிறது. இரண்டாவது, அதே உரிமையின் நிபந்தனைகளைக் கடிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது. இந்த இரண்டிலும் வழக்கு உங்கள் பெயரில், அல்லது நீங்களும் கம்பெனியும் சேர்ந்து போடுவதாக இருக்க வேண்டும்; கம்பெனி தன் பெயரில் மட்டும் தனியாகப் போட முடியாது. மூன்றாவது வகையில் கடிதத்திலேயே உரிமை மாற்றமும் சேர்ந்திருக்கும். அங்கே கம்பெனி தன் பெயரிலேயே வழக்குப் போடலாம். வசூலாவது தான் கொடுத்ததைவிட அதிகமாக இருந்தாலும் முழுவதையும் தானே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கேள்வியில் நீங்கள் கேட்காமல் விட்டது அந்த மீதி 2 லட்சத்தைப் பற்றி. நான் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். கடிதத்தில் வேறு நிபந்தனை இல்லையென்றால் சட்டத்தின் கணக்கு உங்கள் பக்கம் சாய்கிறது. லாரி சர்வீஸிடமிருந்து 8 லட்சமும் வந்தால் உங்களுக்கு 2, கம்பெனிக்கு 6. வந்தது 5 லட்சம்தான் என்றால்? முதலில் உங்கள் 2 லட்சம் நிறைய வேண்டும். மிச்சம் 3 லட்சம்தான் கம்பெனிக்கு. கம்பெனி தன் 6 லட்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளும், மிஞ்சினால் நமக்கு என்று பலரும் நினைத்திருக்க, சட்டம் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. சரக்கின் மதிப்பைவிடக் குறைந்த தொகைக்குப் பாலிசி எடுத்திருந்தால் இந்தப் பங்கு மாறலாம். கடிதத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் மாறும். எனவே அந்தப் பத்திரத்தின் நகலை வாங்கிப் படியுங்கள். ‘எல்லா உரிமைகளையும் மாற்றிக் கொடுக்கிறேன்’ என்ற தொனியில் வாசகம் இருந்தால் உங்களுடையது மூன்றாம் வகை என்று கம்பெனி வாதாட இடம் உண்டு. பணம் கைக்கு வரும் அவசரத்தில் யாரும் அந்தப் பத்திரத்தைப் படிப்பதில்லை என்பது அதை அச்சடிப்பவர்களுக்கும் தெரியும்.

கொடுத்ததற்கு மேல் கம்பெனிக்குக் கிடையாது என்ற விதியால் ஒரு கப்பல் முதலாளி கொழித்த கதையும் உண்டு. 1945இல் பிளேர்நெவிஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல் கனடாக் கடற்படைக் கப்பலோடு மோதி முழு நஷ்டமானது. காப்பீட்டு நிறுவனம் 72,000 பவுண்டு கொடுத்தது. கனடா அரசு மேல் நடந்த வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, கடைசியில் இழப்பீடு கனடா டாலரில் வந்தது. இதற்கிடையில் 1949இல் பவுண்டின் மதிப்பைக் குறைத்திருந்தார்கள். டாலரை மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய 1,27,000 பவுண்டு! உபரி 55,000 பவுண்டும் எங்களுக்கே என்றது நிறுவனம். முடியாது, கொடுத்த 72,000 பவுண்டோடு உங்கள் பாத்தியம் முடிந்தது என்று 1961இல் தீர்ப்பாயிற்று.

கம்பெனி உங்கள் இடத்தில் நிற்கிறது என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. உங்கள் உரிமைக்கு என்னென்ன ஊனம் உண்டோ, அத்தனையும் கம்பெனிக்கும் உண்டு. 1877இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபைக்கு ஒரு விசித்திர வழக்கு வந்தது. ஒரே முதலாளியின் இரண்டு கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. தவறு செய்தது ஒன்று, மூழ்கியது மற்றொன்று. மூழ்கிய கப்பலுக்குப் பணம் கொடுத்தவர்கள், மோதிய கப்பலின் முதலாளியிடம் வசூலிக்க வந்தார்கள். முதலாளி தன் மேல் தானே வழக்குப் போட முடியாது, எனவே அவர் இடத்தில் நிற்கும் நீங்களும் போட முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

பழக்கத்துக்காக நீங்கள் செய்துவிடக்கூடிய ஒரு காரியம் இங்கேதான் ஆபத்தாகிறது. ‘உங்களிடம் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று லாரி சர்வீஸ்காரருக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால், அது உங்கள் உரிமையை அடைப்பதோடு கம்பெனியின் கையையும் கட்டிவிடும். தன் உரிமையைக் கெடுத்ததற்காகக் கம்பெனி கொடுத்த பணத்தை உங்களிடமே திருப்பிக் கேட்கலாம். வழக்கு நடத்த ஒத்துழைக்க வேண்டும் என்று பாலிசியிலேயே பொதுவாக ஒரு நிபந்தனை இருக்கும். அந்தச் சப்ரோகேஷன் கடிதத்தில் கையெழுத்துப் போடாதிருந்தாலும் தப்பித்திருக்க முடியாது.

உறவையும் பழக்கத்தையும் சப்ரோகேஷன் பார்ப்பதில்லை என்ற உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் ரோம்ஃபோர்ட் ஐஸ் கம்பெனி வழக்கு என்று ஒன்று. மகன் லாரி டிரைவர், அப்பா அதே லாரியில் உதவியாள். லாரியைப் பின்னால் எடுக்கும்போது மகன் அப்பா மேலேயே ஏற்றிவிட்டார். அப்பா முதலாளியிடம் இழப்பீடு வாங்கினார், கட்டியது இன்சூரன்ஸ். பிறகு இன்சூரன்ஸ் அந்த முதலாளியின் பெயரிலேயே மகன் மேல் வழக்குப் போட்டு, பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தது. சட்டப்படி சரி, ஆனால் ஊர் காறித்துப்பியது. அரசு தலையிடுமோ என்ற நிலை வந்ததும், சாதாரணத் தொழிலாளர் மேல் இந்த உரிமையைப் பயன்படுத்துவதில்லை என்று பிரிட்டிஷ் காப்பீட்டு நிறுவனங்கள் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டன. இந்தியாவிலும் இரண்டு கார்கள் மோதிக்கொண்டால், அவரவர் வண்டியை அவரவர் கம்பெனியே சரிசெய்துவிட்டு ஒருவரையொருவர் துரத்தாமல் விடும் உடன்பாடு நிறுவனங்களுக்கிடையே உண்டு. சரக்கு லாரி விஷயத்தில் அந்தத் தாராளத்தை எதிர்பார்க்காதீர்கள்.

நீங்கள் எழுப்பாத ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம், ஏனென்றால் வேறு பலர் எழுப்புகிறார்கள். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்து விபத்தானால், கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடமே வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. அது சப்ரோகேஷன் அல்ல. அங்கே கம்பெனி தன் சொந்த வாடிக்கையாளர் மேல் திரும்புகிறது, பாலிசி நிபந்தனையை அவர் மீறியதற்காக. சப்ரோகேஷனில் அது வாடிக்கையாளரோடு நின்று மூன்றாவது ஆளின் மேல் திரும்புகிறது.

இது இன்சூரன்ஸ்காரர்களுக்கென்று செய்த தனிச் சலுகையும் அல்ல. நண்பரின் கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டு, கடைசியில் நீங்களே கட்டினால், கடன் கொடுத்தவருக்கு அந்த நண்பர் மேல் இருந்த உரிமை எல்லாம் உங்களுக்கு வந்துவிடும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 140ஆம் பிரிவு சொல்கிறது. அடமானமாக வாங்கிய பொருளின் பலனும் உங்களுக்கு உண்டு என்கிறது அடுத்த பிரிவு. பங்காளிகளில் ஒருவர் குடும்ப நிலத்தின் அடமானத்தை முழுவதும் மீட்டால், அடமானம் பிடித்தவரின் இடம் அவருக்கு. அது சொத்து மாற்றுச் சட்டம் 92ஆம் பிரிவு. அடுத்தவர் பாக்கியைக் கட்டியவர் ஏமாளி ஆகக் கூடாது என்பதுதான் எல்லாவற்றிலும் இருக்கும் எண்ணம்.

உங்கள் வழக்குக்கு வருவோம். வியாபாரத்துக்காகப் பெறும் சேவைகள் 2003 மார்ச்சிலிருந்து நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே போய்விட்டதால், சரண் மில்லைப் போல நீங்கள் நுகர்வோர் மன்றத்துக்குப் போக முடியாது. இது சிவில் கோர்ட் விஷயம். வழக்குக்கு முன்பு, சரக்கைப் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் லாரி சர்வீஸுக்கு எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் வழக்கு அங்கேயே அடிபட்டுவிடும், உங்கள் 2 லட்சமும் சேர்ந்து. தேதியை இன்றே பாருங்கள். அதிகக் கட்டணம் கட்டி முழுப் பொறுப்பை ஏற்கச் செய்யாத சரக்குக்கு, ஏற்றுபவரின் பொறுப்பு கூலியின் பத்து மடங்கோடு நின்றுவிடும் என்ற விதியும் இருக்கிறது. எனவே கம்பெனி நினைப்பதைவிடக் குறைவாகவே வசூலாகலாம்.

உங்கள் நண்பரிடம் இதை மறைக்க வேண்டியதில்லை. ‘வழக்கு என் பெயரில் வரும், நடத்துவது இன்சூரன்ஸ்’ என்று வாய்ப்பேச்சாகச் சொல்லுங்கள், எழுதிக் கொடுக்காதீர்கள். சரக்கு ஏற்றிச் செல்பவர்களின் பொறுப்புக்கென்றே தனிப் பாலிசி உண்டு, அவர் எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் அவர் உடனே தன் கம்பெனிக்குத் தகவல் கொடுக்க வேண்டும்; பிறகு சண்டை இரண்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு இடையில்தான்.

கடைசியாக, வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் கம்பெனியிடம் இரண்டு விஷயங்களை எழுதி வாங்குங்கள். வழக்கு உங்கள் பெயரில் நடப்பதால், தோற்றால் எதிர்த்தரப்புச் செலவைக் கட்டும்படி உத்தரவும் உங்கள் பெயரில்தான் வரும்; கோர்ட் கட்டணம், வக்கீல் கட்டணம், அந்தச் செலவு மூன்றையும் கம்பெனியே ஏற்கும் என்பது ஒன்று. வழக்கு வெறும் 6 லட்சத்துக்கு அல்ல, முழு 8 லட்சத்துக்கும் போடப்படும் என்பது மற்றொன்று.